தொள்ளாயிரத்து நாற்பது கிராம்

அன்பும் உருண்டு திரண்ட கெண்டைக்கால் சதையும் ஒருங்கே வாய்ந்த சின்ன மாமா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். சமையலறைத் தராசு மட்டும் களைத்திருக்கிறது. அங்கு தங்கள் நலமும் தங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

உலகோர் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: இன்று காலை ஏழு பத்துக்கு என் பையின் எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராமாகக் குறைந்தது!

"மலைக்கு வர ஒரே ஒரு இடம்தான் காலி. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி மேல நடக்கிற நாடாவை நான் தூக்கிட்டு வரேன். அதை விறைப்பா இழுத்துக் கட்டுற சாமானை ஒரு கிலோவுக்குள்ள யாரு கொண்டு வர்றீங்களோ அவங்களுக்கு அந்த இடம்" என்று எனக்கும் அக்காவுக்கும் நீங்கள் சொல்லிப் பதினொரு நாள். அக்கா "எனக்குப் பரீட்சை இருக்கு, ஆளை விடுங்க" என்று போய்விட்டாள். களத்தில் நான் மட்டும். முதலில் லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட்டைக் கொண்டுவந்தேன், இரண்டரைக் கிலோ, தராசு எண்ணே காட்டாமல் கோடு போட்டது, "மாவு அளக்கிற தராசுல லாரி சாமானாடா!" என்று அம்மா கரண்டியோடு வந்தாள், ஓடினேன், ஓடிய வேகத்தில் மலையேறும் சாமான் கடைக்கே போய்விட்டேன், அங்கே இரும்புக் கப்பி ஜோடி, இழுத்தால் வெண்ணெய் மாதிரி வருகிறது, ஆனால் ஒன்றே முக்கால் கிலோ, வெண்ணெய் தின்று வளர்ந்த உடம்பு!

கடைக்கார அண்ணன் யோசித்தார். "கப்பியே வேணாம். நாலு அலுமினியக் கொக்கி, ஒரு கயிறு. கொக்கிக்குள்ளயே முன்னும் பின்னும் விட்டு இழு. ஆனா சக்கரம் இல்லேன்னா கயிறு உரசும் தம்பி. எடை குறையிற அளவுக்கு வேலை கூடும்."

"கூடட்டும்ண்ணே. வேலையை யாரு தராசுல வைக்கப் போறா?"

எப்படி என் பதில்! வீட்டுக்கு வந்து நிறுத்தால் ஆயிரத்துப் பத்து. விடுவேனா? கயிற்றின் உபரி வாலை வெட்டினேன், மரப்பட்டை உரியாமல் அணைகொடுக்கும் பழைய ஜீன்ஸ் துணியை எடுத்துவிட்டு அம்மாவின் துண்டைச் சேர்த்தேன் (அம்மாவுக்கு இது தெரிய வேண்டியதில்லை), பையின் விலைச்சீட்டைக்கூடப் பிய்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பது! பின்கட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், என் பழைய நாடாவைக் கட்டியாயிற்று, இழுத்தாயிற்று, சுண்டினால் 'டிங்' என்கிறது மாமா, அந்த முனை வரை விழாமல் நடந்தும் ஆயிற்று! என் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

தங்கள் பாதை வழுக்காமலும் தண்ணீர்க் குப்பி ஒழுகாமலும் இருக்க வாழ்த்தும்,
வெற்றி வீரன்,
தங்கள் அக்கா மகன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "இழுத்தது யாருன்னு எழுதலையே?" என்று தலைக்கு மேல் நிற்கிறாள். எழுதிவிடுகிறேன். நான் இழுத்தபோது நாடா துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது. அக்கா வந்து, "தள்ளுடா" என்று கயிற்றை இடுப்பில் சுற்றிப் பின்னால் சாய்ந்தாள். அப்போதுதான் 'டிங்'. நடந்ததும் அவள்தான். நான் இரண்டாவது அடியிலேயே விழுந்தேன், நான்கு முறை. பத்து நாளாக என் கொக்கிகளை அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம்.

ஆக, சாமானின் சரியான எடை: தொள்ளாயிரத்து நாற்பது கிராமும் அக்காவும். அவள் தன் காலிலேயே மலையேறிவிடுவாள், யாரும் தூக்க வேண்டாம். பரீட்சையும் அதற்குள் முடிந்துவிடுமாம். இடம் அவளுக்கே. பையை மட்டும் பேருந்து வரை நான் தூக்கி வருகிறேன். அந்த எடை எனக்குத் தாங்கும்.