டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்த கதை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். படங்களைச் சேமித்து வைக்க நீ மாட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியும் சுகம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், கதைக்குள் போனால் மறந்துவிடுவேன்.

செருப்பு அலமாரி மேல் அந்தப் பெட்டியை வைத்து, குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் அதில் ஏற்றி, "உள்ளே ரெண்டு டிஸ்க் இருக்கு மாமா, ரெண்டுலயும் ஒரே விஷயம்தான், ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்" என்றாய். போன வருடம் புது டிஸ்க் இரண்டை அனுப்பி, "பழசுக்கு வயசாச்சு, மாத்திடுங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. என்னையும் இப்படித்தான், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஓடுறதை எதுக்குடா நிறுத்தணும்?" என்றேன். "நின்னப்புறம் மாத்தி என்ன பிரயோஜனம்?" என்றாய். வேலைக்காலம் முழுதும் தண்ணீர் பம்ப் ஓட்டியவனுக்கே பாடமா? சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டி, தினமும் காலையில் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். "அதுகிட்ட அப்படி என்ன ரகசியம்?" என்று அத்தை கேட்டாள்.

போன வாரம் சத்தம் வந்தது. டக், டக். பிறகு அதுவும் இல்லை, சிவப்பு விளக்குதான். ஒரு டிஸ்க் செத்துவிட்டது. மிச்சமிருப்பதும் அதே வயதுக்காரன். உன் அம்மா, என் அக்கா, பேசுகிற ஒரே வீடியோ அதில்தானே இருக்கிறது! உன்னைக் கூப்பிட்டேன். நீ ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "செத்ததை எடுத்துட்டுப் புதுசைப் போடுங்க, நகல் முடியட்டும், அப்புறம் மத்ததை மாத்துங்க" என்றாய். ஆபரேஷன் அறை வாசலில் காத்திருப்பதுபோல் நானும் அத்தையும் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எல்லாம் முடிந்து வீடியோவைப் போட்டால், "டேய் தடியா, குழாயை மூடுடா!" என்று அக்கா கத்தினாள். எழுந்து போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன், மருமகனே. நீ வழி சொல்லிக் காப்பாற்றியிருக்காவிட்டால், என்னைத் தடியன் என்று கூப்பிட அந்தக் குரலும் இல்லாமல் போயிருக்கும்.

அவள் இருந்தால் சொல்வதை நான் சொல்கிறேன்: நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு.

இப்படிக்கு,
தடியன் மாமா

பி.கு.: புது டிஸ்க் இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. தினமும் ஓடினால் பழசாகிவிடுமே என்று அத்தை வருத்தப்பட்டாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. கழற்றித் துடைத்து, வந்த உறையிலேயே போட்டு, பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டோம். சாகாத அந்தப் பழைய டிஸ்க்கையே மறுபடி மாட்டிவிட்டோம், அதுதான் தனியாக ஓடுகிறது. சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தாமலிருக்க, பெட்டியைக் கம்பளியால் போர்த்தியிருக்கிறோம். கொஞ்சம் சுடுகிறது. பரவாயில்லைதானே?