பத்து மணிக்குள் அகற்றப்பட வேண்டும்

சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு நான் ஆறு அட்டைகளைக் காய வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கொலை செய்யவில்லை, கொள்ளை அடிக்கவில்லை. ஆனாலும் மூன்று வருஷம் கழித்தும் எங்கள் சந்தில் அதை யாரும் மறக்கவில்லை.

அப்போது என் மகள் கமலா மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவையும் மேலே ஏறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவது என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். கமலாவுக்குக் கணக்கு வரும், பூகோளம் வரும். இங்கிலீஷில் ஒரே ஒரு வினைச்சொல்தான் அவளைக் காலை வாரிவிட்டது. வெளியே 'இஸ்', 'ஆம்', 'ஆர்' என்று மினுக்கிக்கொண்டு திரியும் அந்தச் சொல், 'மஸ்ட்', 'வில்', 'மே' முதலிய மாமியார்களுக்குப் பின்னால் வரும்போது மட்டும் நகைகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'பி' என்று அடக்கமாக நிற்க வேண்டும். கமலாவோ 'மஸ்ட் இஸ்' என்றாள். அதட்டினால் 'வில் ஆர்' என்றாள். அவள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியாரம்மா, துரைசானி, "சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து கேட்கிறேன். சரியாகச் சொன்னால் நாலாம் வகுப்பு" என்று சொல்லியிருந்தார்.

நான் கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபது வருஷமாக எழுதியதெல்லாம் சரக்கு இங்கிலீஷ். (என் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துக் கடிதத்துக்குக்கூட 'சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது' என்றுதான் பதில் எழுதினேன்.) ஆகவே வெள்ளிக்கிழமை இரவு, மனைவி தூங்கிய பிறகு, மூட்டைக்குக் குறி போடும் தூரிகையை எடுத்து, ஆறு அட்டைகளில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் உதாரண வாக்கியங்கள் எழுதினேன். எல்லாவற்றிலும் 'பி' வரும்படி பார்த்துக்கொண்டேன். தமிழில் சொன்னால்: பொருள்கள் பத்து மணிக்குள் அகற்றப்பட வேண்டும். அகற்றப்படாதவை கடலில் எறியப்படலாம். கோழிகள் கூண்டில் அடைக்கப்பட வேண்டும். நாற்றமுள்ள சரக்கு திறந்து சோதிக்கப்படும். இப்படி ஆறு.

விடிந்தும் மை காயவில்லை. எங்கள் வீடு சூலியா தெருவை ஒட்டிய சந்தில் மாடியில் இருந்தது. கீழே காதர் நானாவின் சாப்பாட்டுக் கடை. வாசல் நடைபாதைச் சுவரில் வெயில் படும்படி ஆறையும் வரிசையாகச் சாத்திவிட்டு, துரைசானிக்குத் தேநீர் கொடுக்கக் காது உடையாத கோப்பை ஒன்று இரவல் வாங்க, ஃபெரிப் படகு ஏறி அக்கரைக்கு, பாகான் டாலாமில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னையும் கமலாவையும் தவிர எங்கள் சந்தில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் அட்டை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். முதல் தடவை சுவரில் கவர்மெண்ட் அட்டை வந்தபோது கிணற்றை மூடினார்கள். இரண்டாவது தடவை கொல்லைக் கொட்டகைகளை இடித்தார்கள். உள்ளே இருந்த சாமான்களும் போயின. அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது: அட்டை வந்தால் காரணம் கேட்கக் கூடாது, முதலில் சாமானை வெளியே எடுக்க வேண்டும்.

கோப்பையோடு ஒன்பதரைக்குத் திரும்பினால், சந்து முழுக்கக் கட்டில். நடுவில் காதர் நானாவின் அண்டாக்கள். கோழிகள் கூண்டில் கத்திக்கொண்டிருந்தன. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பீரோ கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல பீரோவாக இருக்கிறதே என்று பார்த்தால், என்னுடையது.

"என்னங்க, நிக்கிறீங்க! கவர்மெண்டுல அட்டை வச்சிட்டாங்க!" என்று மேலிருந்து கத்தினாள் என் மனைவி.

"யாரு படிச்சுச் சொன்னா?" என்றேன்.

"நம்ம கமலாதான். ஒரு எழுத்துத் தப்பாம இங்கிலீஷ்ல படிச்சு, தமிழ்லயும் சொல்லிச்சு!"

பெற்ற வயிறு குளிர வேண்டிய செய்தி. நானோ மெல்லப் போய் ஓர் அட்டையைத் திருப்பி வைக்கப் பார்த்தேன்.

"கிராணியாரே! தொடாதீங்க லா, புடிச்சிட்டுப் போயிருவான்!" என்று காதர் நானா என் கையைத் தட்டிவிட்டார். "இந்தாங்க, இந்த ஆட்டுக்கல்லை ஒரு கை புடிங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்பையை ஒரு கட்டிலில் வைத்துவிட்டு ஆட்டுக்கல்லைப் பிடித்தேன். அதன் பிறகு இரண்டு பெஞ்சுகளையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் சுமந்தேன். "இந்தக் கவர்மெண்டுக்கு வேறு வேலை இல்லை" என்று ஒரு தடவை சொல்லவும் செய்தேன்.

கமலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இது என் பாடம்தானேன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன், யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க எழுதினதுன்னு சொல்லுங்கப்பா."

சத்தமாகச் சொல்லிவிட்டாள். கயிற்றில் பீரோ நின்றது.

"நீங்களா?" என்றார் காதர் நானா மெதுவாக. "நாத்தமுள்ளதைத் திறந்து பாப்பான்னு சொன்னதுனால ரெண்டு அண்டா மீன் ஆணத்தை, அத்தனை குழம்பையும் காவாயில கொட்டிட்டு வந்து நிக்கிறேன், கிராணியாரே." (இன்றும் அவர் கடைக்குப் போனால், 'உக்காரப் போறீங்களா, இல்ல அகற்றப்பட வேண்டுமா?' என்றுதான் கேட்கிறார். என் மனைவியும் அதையே வீட்டில் கேட்கிறாள்.)

சுற்றி இருபது பேர் நின்றார்கள். என் கையில், கட்டிலிலிருந்து மறுபடி எடுத்த அந்தக் கோப்பை. அந்த நேரம் பார்த்து ரிக்‌ஷா மணி அடித்தது.

துரைசானி இறங்கினார். கட்டில்களைப் பார்த்தார், பீரோவை அண்ணாந்து பார்த்தார், ஆறு அட்டைகளையும் நிதானமாகப் படித்தார். காரியம் கெட்டது, மூன்றாம் வகுப்பும் போயிற்று என்று நினைத்தேன். நான் விளக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கமலாவிடம் இங்கிலீஷில் கேட்டார்: "இதையெல்லாம் செய்தவரை என்ன செய்யலாம்?"

கமலா என்னைப் பார்த்தாள். காவாயில் மிதந்த மீனைப் பார்த்தாள்.

"ஹி மஸ்ட் பி கெப்ட் அட் ஹோம், மிஸ்," என்றாள்.

"என்னம்மா சொன்னே?" என்றார் காதர் நானா.

"அப்பா வீட்லயே வைக்கப்பட வேண்டும்."

சந்தே ஆமோதித்தது. துரைசானி கட்டிலில் உட்கார்ந்து, நான் நீட்டிய வெறுங்கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வேதபுத்தகத்தில் கற்ற தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உமது குமாரத்தி திங்கட்கிழமை நான்காம் வகுப்புக்கு வரலாம். தகப்பனார் வர வேண்டாம்."