பெரும்பான்மைப் பெயர்

வரைபடத்தில் இடம் போதாமல் விடுபட்டுப்போன நாடுகளில் பெருங்குரல் நாடும் ஒன்று. அங்கே ஆற்றில் தண்ணீர் குறைவு, வயலில் விளைச்சல் குறைவு. சத்தத்துக்கு மட்டும் என்றுமே குறைவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் மைதானத்தில் கூடுவார்கள். போட்டியிடுபவர்களின் பெயர்களை ஒருவர் வரிசையாகப் படிப்பார். எந்தப் பெயருக்கு அதிகக் கூச்சல் எழுகிறதோ அவரே மன்னர். வாய் திறக்காதவர்கள் சம்மதம் தெரிவித்தவர்களாகக் கொள்ளப்பட்டார்கள். இதில் என்ன நியாயம் என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழுந்திருக்காது.

நாடு எவ்வழியோ பள்ளிக்கூடமும் அவ்வழி. அரசு உயர்நிலைப்பள்ளியின் பத்தாம் வகுப்புக்குக் கொற்றவன் தலைவனானதும் இப்படிக் கூச்சலால்தான். அவன் அரண்மனை அறிவிப்பாளரின் மகன். குரல் பரம்பரைச் சொத்து.

அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் நாகவல்லியும் பொன்னுருவியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுருவிக்கு மெலிந்த, நீண்ட கழுத்து. பாடத்தை உரக்கப் படிக்கும்போது வரிக்கு ஒருமுறை தலை மேலும் கீழும் ஆடும். ஒருநாள் அவள் செய்யுள் படித்துக்கொண்டிருந்தபோது கொற்றவன், "ஓணான் தலையாட்டுது பாருங்கடா!" என்றான். வகுப்பு வெடித்துச் சிரித்தது.

நாகவல்லியும் சிரித்தாள். மூக்கு வழியாகக் கசிந்த சின்னச் சிரிப்புதான். பொன்னுருவி அவள் பக்கம் திரும்புவதற்குள் அதை அடக்கித் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அது தன்னிடமிருந்துதான் வந்தது என்பதை அவளால் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு பொன்னுருவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஓணானைக் கண்டால் கல்லெறிவது அந்நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். வகுப்பறையில் கல் இல்லாததால் சாக்பீஸ் துண்டுகளை எறிந்தார்கள். நாகவல்லி டீச்சரிடம் போய்ச் சொன்னாள்.

"பேர்தானே வெக்கிறாங்க, அடிக்கவா செய்யுறாங்க?"

"சாக்பீஸால எறியுறாங்க டீச்சர்."

"சாக்பீஸ்தானே, கல்லா? கண்டுக்காம இருக்கச் சொல்லு."

பொன்னுருவி கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகினாள். கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டாள். ஒருநாள் டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து "பொன்னுருவி" என்று மூன்று முறை கூப்பிட்டும் அவள் அசையவில்லை. நாகவல்லி முழங்கையால் இடித்தாள்.

"என்னையா கூப்பிட்டாங்க? வேற யாரையோன்னு நெனச்சேன்டி."

அன்று மாலை, நாளையிலிருந்து பள்ளிக்கு வரப்போவதில்லை என்றாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பொதுத் தேர்வு எழுதாத பெண்ணுக்கு அவள் அத்தையின் செங்கல் சூளையில் இடம் தயாராக இருந்தது.

"நாளைக்கு மட்டும் வாடி," என்றாள் நாகவல்லி. "ஒரே ஒரு நாள்."

மறுநாள் மதியம் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

"பொன்னுருவி, ஊறுகா வேணுமா? பொன்னுருவி, வெயில் படுது, தள்ளி உக்காரு. பொன்னுருவி, தண்ணி குடி."

"ஏண்டி இத்தன தடவ சொல்ற? பைத்தியமா?"

"உன் பேரு உனக்கு ஞாபகம் இருக்கட்டும்னுதான்."

பொன்னுருவி சிரித்தாள். அடுத்த நாளும் வந்தாள். நான்காம் நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். "அக்கா, எல்லாரும் என்னைச் சட்டிமூஞ்சின்னுதான் கூப்பிடுறாங்க. என் பேரு தில்லை. ஒரு தடவ சொல்றீங்களா?" இருவரும் சொன்னார்கள். அவள் உட்கார்ந்து, அழுதுகொண்டே தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். வருகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் பெயர்கள் கேட்கத் தொடங்கின.

கூச்சல் இல்லாமல் ஒரு கூட்டம் கூடுகிறது என்ற செய்தி அரண்மனையைக் கலக்கியது. பெயர் நலத்துறை அமைச்சர் மணிமுடியார் நேரில் வந்தார்.

"இந்தச் சங்கத்தின் தலைவர் யார்?"

"சங்கமெல்லாம் இல்லீங்க ஐயா. சாப்பிடுறோம்," என்றாள் நாகவல்லி.

"சாப்பிடும்போது பெயர் சொல்கிறீர்கள். ஒரு தரப்பின் பெயரை மட்டும் சொல்கிறீர்கள். மறுதரப்பின் குரல் எங்கே, மகளே? நடுநிலை என்ன ஆவது?"

அதுவே முதல் ஆணையாயிற்று. சொந்தப் பெயர் சொல்லும் ஒவ்வொருவருக்கும் எதிரே பட்டப்பெயர் சொல்லும் ஒருவர் உட்கார வேண்டும். கொற்றவன் இருபத்தைந்து பேரோடு வந்து உட்கார்ந்தான். "பொன்னுருவி" என்று இந்தப் பக்கம் சொன்னால் "ஓணான்" என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். ஊறுகாயையும் அவர்களே தின்றார்கள். முன்பு வகுப்பில் மட்டும் கேட்ட பெயர் இப்போது சோற்றுக்கு முன்னாலும் கேட்டது, அதுவும் அரசு முத்திரையோடு.

பெயருக்கு மரியாதை வேண்டும் என்று நாகவல்லி மனு எழுதினாள். மனுவைப் படித்த அமைச்சர் பள்ளி மைதானத்தில் பேசினார்:

"பெயர் யாருக்குச் சொந்தம்? வைத்திருப்பவருக்கா, கூப்பிடுபவருக்கா? தன்னைத் தானே யாரும் கூப்பிட்டுக்கொள்வதில்லை. ஆகவே பெயர் என்பது கூப்பிடுபவர்களின் உடைமை. பெரும்பான்மையோர் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதுவே இனி ஒருவரின் இயற்பெயர்."

அங்கேயே வாக்கெடுப்பு நடந்தது. முதல் பெயர் பொன்னுருவியுடையது. நாகவல்லி தொண்டை கிழியக் கத்தினாள். கூடவே ஏழெட்டுக் குரல்கள் எழுந்தன. மீதிப் பேர் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அவர்களுடைய பெயர்கள் இன்னும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. சத்தம் போடாமல் இருந்தால் ஒருவேளை வராமலேயே போகலாம். தில்லை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகவல்லிக்கு அவள்மேல் கோபப்பட வேண்டும்போல் இருந்தது, முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரித்த அன்று தானும் அப்படித்தானே குனிந்துகொண்டோம் என்று நினைத்தாள்.

பதிவேட்டில் பொன்னுருவி என்பதை அடித்துவிட்டு ஓணான் என்று எழுதினார்கள். அந்த வாரமே அரண்மனை அறிக்கை வெளியிட்டது: நாட்டின் பள்ளிகளில் பட்டப்பெயர் குறித்த புகார் இனி ஒன்றுகூட இல்லை, ஏனெனில் பட்டப்பெயர்களே இல்லை, இருப்பவை யாவும் இயற்பெயர்கள்.

"உங்கள் இயக்கம் வென்றுவிட்டது, மகளே," என்று அமைச்சர் நாகவல்லியை வாழ்த்தினார். "பெயருக்கு மரியாதை கேட்டாய். இன்று எல்லாப் பெயருக்கும் சட்ட மரியாதை கிடைத்துவிட்டது." அவள் சட்டையில் பித்தளை வில்லை ஒன்றைக் குத்தி, பள்ளியின் பெயரழைப்பாளராக நியமித்தார். பொதுத் தேர்வன்று பட்டியலைப் படிக்கும் பொறுப்பு அவளுடையது.

அவள் மறுக்கவில்லை. பட்டியல் கையில் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தாள். பதவிக்கு வருகிற எல்லோரும் முதல் நாள் நினைப்பது அதுதான் என்பதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

தேர்வு நாளன்று பொன்னுருவி எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே அத்தை காத்திருந்தார். எழுத விடாவிட்டால் அப்படியே சூளைக்கு அழைத்துப்போய்விடலாம் என்ற ஏற்பாடு. நாகவல்லி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். 'உள்ளேன்' என்றவர்கள் தேர்வறைக்குள் போனார்கள். அந்த வரி வந்தது.

"பொன்னுருவி," என்று படித்தாள்.

பொன்னுருவியின் கை உயர்ந்தது. அருகில் நின்ற அரண்மனை எழுத்தர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "அப்படி ஒருவர் இல்லையே. இருப்பதைப் படியம்மா. பதில் வராவிட்டால் வரவில்லை என்று போட்டுவிடுவேன்." அவர் குரலில் கடுமையே இல்லை. கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

உயர்ந்த கை பாதியில் நின்றது. படிக்காவிட்டால் சூளை. படித்தால்? படித்தால் இவள் உள்ளே போவாள், எழுதுவாள், தேறுவாள், இந்த ஊரைவிட்டே போய்விடுவாள். இவளுக்காகத்தான், இவளுக்காக மட்டும்தான் என்று நாகவல்லி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அந்தச் சமாதானம் அவளுக்குக் கசந்தது.

"ஓணான்."

யாரும் சிரிக்கவில்லை. கொற்றவன்கூடச் சிரிக்கவில்லை. பட்டியலில் இருக்கும் ஒரு பெயரைக் கேட்டு யார் சிரிப்பார்கள்?

"உள்ளேன்," என்றாள் பொன்னுருவி. உள்ளே போனாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளை நாகவல்லி மரத்தடியில் நிறுத்தினாள். "எம்மேல கோவமாடி?"

"கோவம் என்ன? நல்லாத்தான் எழுதியிருக்கேன்." பொன்னுருவி ஸ்கேலைப் பைக்குள் வைத்தாள். "அவங்க கூப்பிட்டப்பல்லாம் அது திட்டு. நீ கூப்பிட்டப்பதான்டி அது பேராச்சு."

தேர்வில் அவள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். செய்தித்தாளில் ஓணான் என்று பெயர் போட்டிருந்தார்கள். மேல்படிப்புக்கு வெளியூர் போனவள் கடிதம் எழுதவில்லை.

பள்ளிகளில் கிடைத்த வெற்றியைக் கண்டு மன்னர் அந்தச் சட்டத்தை நாடு முழுவதற்கும் நீட்டித்தார். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. கால்வாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மைதானங்களில் பெயர் சூட்டு விழா நடந்தது. விழாவில் கூச்சல் போட ஆட்கள் லாரிகளில் வந்திறங்கினார்கள். தெளிவான, தடுமாறாத குரல் என்று நற்சான்று பெற்றிருந்த நாகவல்லிக்கு அவளுடைய தெருவிலேயே வேலை போட்டுக் கொடுத்தார்கள். அரசு அரிசிக் கடையில் பெயர் படிக்கும் வேலை.

காலையில் கடை திறந்தது. பைகளோடு நீண்ட வரிசை. எல்லாம் தெரிந்த முகங்கள். பால்காரர் நின்றார், டீச்சர் நின்றார், நாகவல்லியின் அப்பாவும் நின்றார். அவள் புதுப் பட்டியலைப் பிரித்தாள். முதல் வரியில் 'துரோகி' என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத்தர் கை வலித்திருக்க வேண்டும். பக்கத்தின் அடிவரை ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்.

"துரோகி," என்று படித்தாள்.

"உள்ளேன்," என்று பால்காரர் பையை நீட்டினார்.

நாகவல்லி அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

"மேற்படி."

வரிசை மொத்தமும் "உள்ளேன்" என்றது.