கொலுப்படியில் இரண்டு தங்க மீன்கள்

புத்திசாலி என்று பெயர் வாங்கத் துடிக்கும் புது மருமகளைவிட ஆபத்தான ஜீவன் உலகத்தில் கிடையாது. பாம்பாவது மிதித்தால்தான் கடிக்கும். இது யாரும் கேட்காமலே யோசனை சொல்லும். எழுபதுகளில், கல்கத்தா பாலிகஞ்சில், கல்யாணமாகி நாலே மாதமான அந்த ஜீவன் நான்தான்.

நவராத்திரிக்குப் பொம்மைப் பெட்டியைத் திறந்தால், தசாவதார செட்டில் மச்சாவதாரம் மட்டும் சுக்குநூறாகக் கிடந்தது. மாமியார் பதறிப்போனார். அந்த வெள்ளிக்கிழமை பவானிபூரிலிருந்து ஒரு மாமி வருவதாக இருந்தார். பேருக்குக் கொலு பார்க்க. நிஜத்தில் என் நாத்தனார் சுகந்தாவைத் தன் பிள்ளைக்குப் பார்க்க. இரண்டு வருஷமாக எல்லாம் தட்டிப்போய், ஜாதகம் பொருந்தி வந்த ஒரே வரன் அது.

"ஒன்பது அவதாரத்தோட கொலு வெச்சா அந்த மாமி என்ன நினைச்சுப்பா?" என்று புலம்பினார் மாமியார்.

"பொம்மைக்குப் பதிலா நிஜ மீனையே வெச்சுட்டா என்னம்மா?" என்றேன். (உன்னை யாராவது கேட்டார்களாடி?)

கீழ் வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். அவள் வீட்டில் தொட்டி நிறைய மீன். இரண்டு தங்க மீன்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு இரவல் கொடுத்தாள். ஆமைக்குப் பக்கத்தில், முதல் அவதாரமாக வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் "யார் யோசனை இது?" என்று வியக்க, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் பெருமாள் சாப்பிடவில்லை. பொரி போட்டேன், தொடவில்லை. சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கை போட்டேன், தண்ணீர்தான் கலங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பௌதி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூரி காய் நா! கேன்ச்சோ காய்!"

பொரியெல்லாம் தின்னாதாம், புழுதான் தின்னுமாம். ஓடிப்போய் வாழையிலைத் துண்டில் எதையோ மடித்து வந்து என் கையில் வைத்தாள். பிரித்தேன். ரத்தச் சிவப்பில், நூல் நூலாக, உயிரோடு நெளியும் ஒரு உருண்டை!

ஐயோ! வெங்காயம்கூட நுழையாத வீடு அது. கத்தவும் முடியாது, அடுக்களையில் மாமியார் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டு வை, இல்லாவிட்டால் செத்துவிடும் என்று ஜாடை காட்டிவிட்டு பௌதி இறங்கிப் போய்விட்டாள். கைக்கெட்டிய வெள்ளிக் கிண்ணத்தில் அதைப் போட்டுத் துளி தண்ணீர் விட்டேன். விரலால் எடுத்துப் போட மனசு வரவில்லை. கிண்ணத்தைக் கொலுப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஸ்பூன் தேடி உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் பவானிபூர் மாமி.

இருட்டில் தட்டுத் தடுமாறி நான் கூடத்துக்கு வருவதற்குள், மாமியார் குத்துவிளக்கு வெளிச்சத்தில் மாமியை உட்காரவைத்து, தாம்பாளத்தை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"குங்குமத்தைக் குழைச்சே வெச்சுட்டியே, சமத்து!" என்றார் காதோடு.

எதற்குப் பாராட்டு என்று தெரியாமலே பூரித்துப்போய்த் தட்டை நீட்டினேன். என் கண் முழுக்க மாமியின் வைரத்தோட்டில் இருந்தது.

மாமி மோதிர விரலால் தொட்டார். "அட, ஜில்லுன்னு இருக்கே!" நெற்றியில் இட்டுக்கொண்டார். வகிட்டில் இட்டுக்கொண்டார். அப்புறம், திருமாங்கல்யத்தை வெளியே எடுத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, அதிலும் வைத்தார்.

கரண்ட் வந்தது.

மாமியின் பொட்டு நெளிந்தது. மெதுவாக மூக்கை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

மாமியாரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. சுகந்தா ஒருத்திதான் பாய்ந்து போய், "மாமி, ஆடாதீங்கோ!" என்று அவர் முகத்தைப் பிடித்து, நெற்றி, வகிடு, தாலி என்று வெறும் விரலாலேயே கிள்ளிக் கிள்ளி எடுத்து மீன் கிண்ணத்தில் போட்டாள். மூன்று நாள் உபவாசம் இருந்த பெருமாள் லபக் லபக்கென்று விழுங்கினார்.

"என்னடி அது?" என்றார் மாமி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மச்சாவதாரத்துக்கு நைவேத்யம், மாமி" என்றேன்.

அவர் போட்ட அலறலில் கீழே பௌதி வீட்டு நாய் குரைத்தது.

நாலு வாளித் தண்ணீர் தலையில் விட்டுக்கொண்டார் மாமி. வெளியே மாமியார் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார். "வந்த வரனும் போச்சே!" சுகந்தா என்னைத் திட்டவில்லை. குனிந்து தரையைத் துடைத்தாள். எனக்கு அப்படியே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஈரத்தலையோடு வந்த மாமி நேரே சுகந்தாவிடம் போனார். "கையாலயே எடுத்தியே, உனக்கு அருவருப்பா இல்லையா?"

"இருந்தது மாமி. அதுக்காக உங்க மூஞ்சில விட்டுட முடியுமா?"

மாமி அவளையே பார்த்தார். பிறகு என் மாமியாரிடம் திரும்பினார். "என் பிள்ளை கரப்பைப் பார்த்தாலே கட்டில்மேல ஏறி நிப்பான். எனக்கப்புறம் அவனை யார் பார்த்துப்பான்னு கவலையா இருந்தது. தையிலயே முகூர்த்தம் பாருங்கோ."

மாமியார் மறுபடி அழுதார். இந்தத் தடவை என்னைக் கட்டிக்கொண்டு.

சுகந்தாவுக்கு இப்போது பேரன் பேத்திகள். எனக்குத்தான் விமோசனம் இல்லை. அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் ஆனாலும், என் கையால் குங்குமம் யாரும் லேசில் வாங்கமாட்டார்கள். முதலில் நான் இட்டுக்கொண்டு, டியூப் லைட்டுக்கு நேரே, ஒரு நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்று காட்ட வேண்டும். நானும், என் பொட்டும்.