உன் அப்பாவை நான் கடத்திய விவரம்

ஈரேழு உலகமும் மெச்சும் என் அருமை மருமகளுக்கு, சகல வல்லமையும் லேசான மூட்டுவலியும் உடைய உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா என்னைத் தினமும் திட்டும் அளவுக்கு நலம்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தபோது அணுகுண்டுச் சோதனையில் தன்னை நிறுத்திவைத்த கதையை ஐம்பது வருடம் விழுங்கி வைத்திருந்து, உன்னிடம் மட்டும் சொன்னார் அப்பா; அதை நீ கண்காட்சி அறையாகவே கட்டிவிட்டாய் என்று தெரிந்ததும் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், கோபமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். பார்ப்பதாவது? ஆளையே தூக்கிவிட்டேன். கண் டாக்டரிடம் போகிறோம் என்று புளுகி, ஒன்பது பஸ் மாறி, திமிறிய மனுஷனை அக்குளில் இடுக்கி, உன் கண்காட்சி வாசல் பலகையை என் தொப்பையால் மறைத்து உள்ளே தள்ளினேன். சக்கரவர்த்திகள் நாடு பிடித்ததெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

உள்ளே சீட்டுக் கிழிக்கும் பெண், சுவரில் ஒளியைப் பிடித்து வைக்கும் பெயின்ட் பூசியிருக்கிறது, முதுகுப் பக்கம் விளக்கு பளிச்சென்று வெட்டும், நம் நிழல் சுவரிலேயே தங்கிவிடும் என்று விளக்கிவிட்டு, எப்படி நிற்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒரு முட்டியை மடித்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தயாராக இருந்தார். இருபது வயதில் பட்டாளத்தில் பழக்கியது. நானும் பக்கத்தில் குந்தினேன். விளக்கு வெட்டியது. எழுந்து விலகிப் பார்த்தால் சுவரில் ஒரு யானை, பக்கத்தில் ஓர் இளம் சிப்பாய். யானை நான்தான்.

"அஞ்சு நிமிஷத்துல மறைஞ்சிடும் ஐயா," என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு மறையலையேம்மா," என்றார் உன் அப்பா. கோபமெல்லாம் இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார். நிழல் மங்கும்வரை என் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு சொன்னார்:

"என்னோட பதினோரு பேரு நின்னாங்க மச்சான். ஒவ்வொருத்தனா ரத்தம் கெட்டுப் போயிட்டான். எவ்வளவு நீளச் சுவரு, பாரு. அவங்களுக்கும் இடம் விட்டு வச்சிருக்கா எம்பொண்ணு."

நான் தொப்பையை உள்ளிழுத்து, அந்தப் பதினோரு பேருக்கும் இடம் விட்டு ஒதுங்கி நின்றேன். பூமி சுழல ஆரம்பித்த நாளிலிருந்து நான் ஒருவருக்கு வழி விட்டது இதுவே முதல் தடவை. உன் அம்மா நம்ப மறுக்கிறாள்.

நீ இன்னும் நூறு சுவர் எழுப்பி, கை வலிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன்.

பின்குறிப்பு: கண் டாக்டர், ஒன்பது பஸ், கடத்தல் எல்லாம் சுத்தப் பொய். காலை ஆறு மணிக்கே தேய்த்த சட்டையோடு உன் அப்பாதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வா. அவகிட்ட மட்டும் நீதான் இழுத்துட்டுப் போனேன்னு சொல்லிடு," என்றார். சொல்லிவிட்டேன்.