மாமா எந்தக் கட்டத்தில் இருக்கிறார்

கர்த்தருக்குள் அன்பான பிரீனா மகளுக்கு, இராஜாக்கமங்கலத்திலிருந்து உன் அத்தை ராகேல் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நடமாடுகிறேன். நீ சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், தப்பைத் திருத்தி வாசித்துக்கொள்.

மாமாவின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு, படம் வரைகிற உன்னிடம் அவர் படம் வரைந்து அனுப்பச் சொன்னேன், வீட்டில் இருப்பது ஆதார் போட்டோ ஒன்றுதான், அதில் அவர் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருப்பார். உன் பார்சல் ஜெபத்தன்று காலையில் வந்தது. பிரித்தால் சிவப்புச் சதுரம், நீல முக்கோணம், மஞ்சள் வட்டம். அடியில் மாமா இருப்பாரோ என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். படத்தின் பின்னால் ‘இதில் மாமா இருக்கிறார்’ என்று எழுதியிருந்தாய். சரி என்று பைபிள் வசன காலண்டர் ஆணியில் மாட்டினேன். போதகர் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடி ஜெபித்தார். பக்கத்து வீட்டு பிந்து என் காதில், “எங்கட்டி உன் மாப்பிள்ளை?” என்றாள். எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்ல, “நல்லாப் பாருட்டி” என்றேன். ஆமென் சொன்னதும் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். முக்கோணம் மூக்கு என்றாள் பிந்து. மீன் விற்கும் கபிரியேல் அண்ணன், “வட்டம்தான் ஆளு, வழுக்கையப் பாரு” என்றார். மாமாவிடம் டைல்ஸ் வேலை பழகிய ராஜகுமார் மூலைமட்டத்தைக் கொண்டுவந்து படத்தில் வைத்து, “சதுரம் கால் இஞ்ச் கோணல். மேஸ்திரி பாத்தா பேத்துப் போடச் சொல்லுவாரு” என்றான். அவனை அடுக்களைக்குக் கூட்டிப்போய், ‘நாளைக்குச் சரியாக்குறேன்’ என்று பதினாறு வருஷமாக மாமா சொல்லிவந்த கோணல் டைலைக் காட்டினேன். “ஊருக்கெல்லாம் நேரா போட்ட மனுஷன் எனக்குப் போட்டதப் பாருப்பா” என்றேன். பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் போனபின் நான் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

மகளே, அதுவரை வருகிறவர்களெல்லாம் எப்படிப் போனார் என்றுதான் கேட்பார்கள். நானும் நெஞ்சைப் பிடித்ததிலிருந்து சொல்லுவேன், ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் எனக்குச் சாவார். இப்போது யாரும் கேட்பதில்லை. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் வந்து, சாயா குடித்து, படத்துக்கு முன்னால் சண்டை போடுகிறார்கள். நீ செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன்.

ஆனால் பிந்துவும் கபிரியேல் அண்ணனும் முகம் பார்ப்பதில்லை. மாமா எது என்று ஒரு வரி எழுதிவிடு, சண்டை தீரட்டும்.

உன் கை விரல் பத்தையும் கர்த்தர் காப்பாராக.

அன்புள்ள அத்தை,
ராகேல் ரசலையன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் கபிரியேல் அண்ணன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “பதிலு வந்தா பெறவு நாங்க என்னத்துக்கு வரப் போறோம்?” என்றார். அதனால் பதில் எழுதாதே. நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லிவிடாதே.