ஓர்வின் டாலன் தொட்டிக்குக் காற்றடித்த கதை

மனிதரில் ஒரு வகை உண்டு. பழைய சாமானைப் பிரித்து, துருவைச் சுரண்டி, திரும்பப் பூட்டி, அது ஓட ஆரம்பித்த பிறகும் இவர்களுக்கு நிம்மதி கிடையாது. அது ஏன் ஓடுகிறது என்பதை இன்னொருவருக்கு விளக்கி முடித்தால்தான் சாப்பாடு இறங்கும். அடையாளம் காண்பது சுலபம். "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுப்பார்கள்.

மின்னசோட்டாவின் வடக்கே எங்கள் ஏரிக்கரையில் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஆனால் என் பக்கத்து வீட்டு ஓர்வின் டாலனின் உயரத்தை யாரும் தொட்டதில்லை.

அவரிடம் ஐம்பத்தேழாம் வருடத்துப் படகு மோட்டார் ஒன்று இருந்தது. அதற்குப் பெட்ரோலை இழுக்கும் பம்ப் கிடையாது. மோட்டார் ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்குள் காற்றை ஊதும். அந்த அழுத்தம் பெட்ரோலை இன்னொரு குழாய் வழியாக மோட்டாருக்குத் தள்ளும். தொட்டியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் போதும், படகு நின்றுவிடும். ஓர்வினுடைய தொட்டியில் ஓட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை.

"ஒரு பம்ப மாட்டிட்டு பிளாஸ்டிக் தொட்டி வச்சுக்கயேன். அரை மணி நேர வேலை," என்றேன் நான்.

மனைவியை மாற்றிக்கொள்ளச் சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

மூன்று வருடம். தொட்டிக்குள் சரளைக்கல்லும் வினிகரும் போட்டுக் குலுக்கினார். உள்ளே இருந்த ரப்பர் சவ்வை மாற்றினார், வால்வுகளை மாற்றினார், மிதவைத் தக்கையைப் புதிதாகச் சீவி வைத்தார், கசிவை அடைக்கும் வளையங்களான கேஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் காற்றடித்த தொட்டியைக் குளியல் தொட்டியில் முக்கி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து குமிழிகளை எண்ணினார்.

"ஓர்வின், நான் குளிக்கணும்," என்றாள் அவர் மனைவி மார்லிஸ், கதவுக்கு வெளியிலிருந்து.

"ரெண்டே குமிழிதான் பாக்கி!"

"நேத்தும் ரெண்டுதான்."

மார்லிஸ் எங்கள் வீட்டில் வந்து குளித்தாள். பதினோரு நாள்.

அந்த ஜூன் மாதம் அவர்கள் மகள் சோல்வெய்க்கு ஏரி நடுவே இருக்கும் தீவில் கல்யாணம். இரண்டு மணிக்கு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் காலையிலேயே தீவுக்குப் போய்விட்டோம். போதகர் எங்ஸ்ட்ரம் மட்டும் ஊரில் ஓர் அடக்க ஆராதனையை முடித்துவிட்டு வர வேண்டும். அவரை அழைத்துவரும் பொறுப்பு, பெண்ணைப் பெற்றவருக்கு.

"இன்னிக்கு ஒரு நாளாவது பக்கத்து வீட்டுப் படகை எடுத்துட்டுப் போயேன்," என்று மார்லிஸ் கெஞ்சியிருக்கிறாள்.

"மூணு வாரமா ஒரு குமிழி வரல, மார்லிஸ்."

துடுப்பையும் கரையிலேயே வைத்துவிட்டுப் போனார். துடுப்பு எடுத்துப் போவது தொட்டியைச் சந்தேகிப்பதாம்.

பிறகு நடந்தது போதகர் என்னிடம் சொன்னது. மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டதாம். தையல் மெஷின் மாதிரி ஓடியதாம். ஏரி நடுவில் போதகர் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"அருமையா ஓடுதே, ஓர்வின்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நல்லவர், நிறுத்தவில்லை.

"எப்படி?"

மூன்று வருடமாக இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர் என்ன செய்வார்? "அடடே, இதப் பாருங்க பாஸ்டர்!" என்று, ஓடும் மோட்டாரின் தொட்டி மூடியைத் திருகித் திறந்து, அடியில் இருந்த கேஸ்கெட்டைக் காட்டினார்.

புஸ்.

இருந்த காற்றெல்லாம் போயிற்று. மோட்டார் இரண்டு முறை இருமி ஓய்ந்தது. மூடியைத் திரும்பப் போட்டுத் தொட்டியில் பெட்ரோலைக் கையால் ஏற்றும் பொத்தானை இருபது தடவை அமுக்கினால் சரியாகியிருக்கும். ஆனால் போதகர் அதைப் பார்க்கக் கை நீட்டினார், இவர் கொடுத்தார், இரண்டு கைகளுக்கும் நடுவில் மூடி ஏரிக்குள் போய்விட்டது. அங்கே ஆழம் நாற்பதடி.

காற்று அவர்களை நாணல் காட்டுக்குள் ஒதுக்கியது. போதகர் எழுந்து நின்று வெள்ளை அங்கியை வீசிக் காட்டினார். தீவிலிருந்து நான்தான் பார்த்தேன். போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தேன். வழி முழுக்க ஓர்வின் தொட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அவ கல்யாணத்த நானே கெடுத்துட்டேன்," என்றார் கரை நெருங்கும்போது, என்னைப் பார்க்காமல்.

ஐம்பது நிமிடத் தாமதம். சூடாக்கிச் சூடாக்கி, விருந்துக்கு அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் என்ற கறிக் கலவை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடிய திறந்தீங்களாப்பா?"

"திறந்தேம்மா."

"ஓடும்போதா?"

அவர் தலையாட்டினார். சோல்வெய் படகுக்குள் குனிந்து பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் அப்படியே, அந்த வெள்ளைக் கவுனோடு, ஈரப் பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியின் வாய்க்குள் ஒரு விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"கேஸ்கெட் வாங்கினதா, நீங்களே வெட்டினதா?"

"வெட்டினதுதான்." ஓர்வின் குரல் திரும்பி வந்தது. "எதுல வெட்டினேன்னு சொல்லு பாப்போம்?"

போதகர் இருமினார். மாப்பிள்ளை, பாவம், தன் எதிர்காலத்தைப் பார்த்தபடி துறையில் நின்றிருந்தான். கல்யாணம் மேலும் கால் மணி நேரம் தள்ளிப்போயிற்று.

நீங்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவர் கேஸ்கெட்டை எதில் வெட்டினார் என்று இப்போது மனசு அரிக்கிறதா? அப்படியானால் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டில் யாரோ குளிக்கக் காத்திருப்பார்கள்.